சீதளப் பிரபு

ஆனி மாதத்தில் நயினை நாகபூஷணி அம்மனுக்குக் கொடியேறப் போகிறது என்ற செய்தி ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழும் யாழ்ப்பாணத் தீவக மக்களின் செவிக்கு எட்டியவுடன், விமானச் சீட்டின் விலையை விசாரிப்பவர் பலர், மேலதிகாரியிடம் விடுமுறை கேட்டு மன்றாடுபவர் பலர், பெருமூச்சு விட்டு அத்துடன் நிறுத்திக்கொள்பவர் அவர்களினும் பலர், ஆனால் ஊரிலிருக்கும் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, “பிள்ளை, தெற்கு அறையின்ர நீள அகலம் எவ்வளவு?” என்று கேட்பவர் எவரோ, அவரே நம் கதாநாயகர். அவருக்குச் சீதளப் பிரபு என்று நாமகரணம் செய்திருக்கிறேன்.

பிரபுவின் பூர்வாசிரமம் விசித்திரமானது. இருபத்தைந்து வயதில் கடல் கடந்து போன அவர், பனியை வாருகோலால் தள்ளியும், கம்பளிக்குள் கம்பளி அணிந்தும், வீட்டை வெப்பமாக்கும் யந்திரத்துக்கு மாதந்தோறும் தட்சிணை செலுத்தியும், ஆயுளின் உத்தமமான பகுதியைக் குளிரை ஒழிப்பதிலேயே கழித்தவர். அப்படிப்பட்டவர் சொந்த மண்ணில் காலடி வைத்ததும் விலை கொடுத்துக் குளிரை வாங்கப் புறப்படுவதன் தாத்பரியம் யாது என்று கேட்டால், “எனக்கென்ன, நான் இந்த மண்ணில வளந்தவன். பிள்ளையள்தான் தாங்காதுகள்” என்பார். அவர் இதைச் சொல்லும் வேளையில் அப்பிள்ளைகள் கிணற்றடியில் வாளி வாளியாகத் தலையில் நீரை ஊற்றிக்கொண்டு, வீட்டுக்குள் வரவே மறுத்துக் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வர்க்கத்தில் உட்பிரிவுகளும் உண்டு. வேலணை, ஊர்காவற்றுறைப் பிரபுவின் குளிரூட்டி யந்திரம் பண்ணைப் பாலத்தின்மேல் பட்டா வாகனத்தில் சௌக்கியமாக வந்து இறங்கிவிடும். நயினாதீவுப் பிரபுவின் யந்திரம் குறிகட்டுவான் துறையில் படகேறவேண்டும். நெடுந்தீவுப் பிரபுவினது, சீமெந்து மூட்டைக்கும் எரிவாயுச் சிலிண்டருக்கும் நடுவே, சோளகக் காற்று கிளப்பும் அலைகளில் ஒரு மணி நேரம் ஆடி, பிரயாணிகளுடன் சேர்ந்து தானும் நனைந்து கரை சேரும். நான் இங்கே வர்ணிப்பது நயினை என்னும் நயினாதீவின் பிரபுவை. செலவு சம்பூர்ணமாக விளங்குவது அங்கேதான்.

செலவின் மூலகாரணம் யந்திரமன்று, வீடு. தென்னிலங்கைப் பட்டணமொன்றில் கடை வைத்துச் சம்பாதித்த பாட்டனார் அதைக் கட்டினார். அக்காலத்தில் தீவக வணிகர் கடை விரிக்காத பட்டணங்கள் அங்கே சொற்பம். 1990களின் தொடக்கத்தில் யுத்தம் தீவுகளை வெறுமையாக்கியபோது கதவுகளையும் பாதி ஓடுகளையும் பறிகொடுத்தும், அவ்வீடு விழாமல் நின்றது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள், பனஞ்சலாகையின்மேல் ஓடு, சுவருக்கும் கூரைக்கும் இடையே கை நுழையும் சந்து, கண்ணாடி என்ற வஸ்துவையே அறியாத மரக்கம்பிச் சன்னல்கள், நடுவே ஆகாயம் தெரியும் முற்றம். வைகாசியில் எழுந்து ஆவணி கடந்தும் ஓயாது வீசும் சோளகக் காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறு பக்கத்தால் வெளியேறுவதற்கென்றே, வாஸ்து சாஸ்திரமும் அனுபவமும் அறிந்த ஒருவரால் நிருமாணிக்கப்பட்ட அந்த வீட்டில் குளிரூட்டியை ஓட்டுவது கரைவலையால் கடல்நீரை மொள்ளுவதற்கு ஒப்பாகும். ஆகையால் யந்திரத்தைப் பூட்டுமுன் வீட்டைச் சிறைச்சாலையாக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஏசித் தம்பி சுவரைத் தட்டிப் பார்த்தான். ஒரு சிரங்கை சுண்ணாம்பு உதிர்ந்தது.

“ஐயா, இதில ஆணி நிக்காது. வெளி யூனிற்றுக்கு நிலத்தில சீமெந்துத் தளம் போடோணும்.”

“போடுங்கோ.”

“மேல சீலிங் அடிக்காட்டிக் குளிரெல்லாம் ஓட்டால போயிடும்.”

“அடியுங்கோ.”

“சன்னலுக்குக் கண்ணாடி... வயறிங்கும் நல்லாப் பழசு. இந்த வயர் ஃபானுக்கே கஷ்டம்.”

“எல்லாத்தையும் மாத்துங்கோ தம்பி. எவ்வளவு கொள்ளளவு வேணும்?”

“ஒரு தொன் காணும், ஐயா.”

விறாந்தையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த பெரியம்மா திடுக்கிட்டாள். “ஆணியே நிக்காத சுவரில ஒரு தொன்னையோ தூக்கப்போறியள்?” நாளொன்றில் ஒரு தொன் பனிக்கட்டி உருகும்போது உறிஞ்சும் வெப்பமே அந்த அளவு என்றும், அதனை மணிக்கு 12,000 பி.ரி.யூ. என்பார்கள் என்றும் தம்பி பொறுமையாக விளக்கியதை அவள் முழுவதும் கேட்டுவிட்டு, ஐஸையே வாங்கி வைத்தால் மலிவல்லவா என்றாள். அந்த வினாவுக்கு இன்றுவரை எவரும் விடையளிக்கவில்லை.

இந்த யந்திரம் மனிதருக்காகப் பிறந்ததன்று என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1902இல் வில்லிஸ் கரியர் என்ற அமெரிக்க இளைஞர், புரூக்ளினில் ஓர் அச்சகத்திலே, காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வர்ணங்கள் பிசகுவதைத் தடுக்கவே இதனைத் திட்டமிட்டார். மனிதரின் வியர்வை அப்போது அவருடைய கவலையன்று.

யந்திரத்தின் விலை ஒன்றரை, இரண்டு இலட்சம் ரூபாய். அதைச் சுற்றி எழுந்த தளமும் சீலிங்கும் கண்ணாடியும் கம்பியும் படகுக்கூலியும் மேசன் கூலியும் அதனைப் பன்மடங்கு மிஞ்சின. ஆனால் பிரபுவின் கணிதத்தில் வகுத்தல் ஒன்றுதான் உண்டு. எத்தொகையைக் கேட்டாலும் அதனைக் கனடா டொலரின் மதிப்பால் வகுத்து, “இவ்வளவுதானே!” என்று புன்னகைப்பார். ஊரிலிருக்கும் தங்கைக்கோ பெருக்கல் மாத்திரமே தெரியும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறியதைக் கண்டு மின்விசிறியையே விரதமாக்கிக்கொண்டவள் அவள். பிறகு கட்டணம் சிறிது இறங்கியபோதும் விரதத்தை முடித்தாளில்லை. மாதம் 180 அலகைத் தாண்டினால் உச்சப்படி என்பதும், இந்தக் குளிர் அந்தப் படியைத் தாவியே ஏறும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு, நயினாதீவின் மின்சாரம் அப்போது டீசல் யந்திரத்தில் பிறந்தது; அந்த டீசலும் கடல் கடந்தே வந்தது.

“அண்ணை, சன்னலைத் திறந்தாச் சோளகம் பிச்சுக்கொண்டு வருமே!”

“உனக்கு விசயம் தெரியாது, பிள்ளை. இந்தியா காத்தாலை போடப்போகுது.”

பிரபு சொன்னதில் பிழையில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் 2,230 கிலோவாற் மின்சாரம் ஆக்குவதற்கு இந்தியா நன்கொடையளிக்க, 2024 மார்ச்சில் ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. ஆகவே, சன்னல் வழியே கூலியின்றி வந்துகொண்டிருந்த சோளகத்தைக் கண்ணாடியால் மறித்துவிட்டு, அதே சோளகம் காற்றாலையைச் சுழற்றி, கம்பி வழியாக, மீற்றரில் பதிவு செய்துகொண்டு அறைக்குள் வரட்டும் என்பதே பிரபுவின் தீர்க்கதரிசனம்.

முதல் இரவில் உற்றார் உறவினரெல்லாம் குளிரைத் தரிசிக்க வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் கதவு திறந்தது. திறந்தபோதெல்லாம் குளிர் வெளியே போய் முற்றத்திலிருந்த ஆட்டைத் தீண்டிற்று. பெரியம்மா காது அடைக்கிறதென்று பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். பேரப்பிள்ளைகள் கதை கேட்கும் வியாஜத்தில் அவளைப் பின்தொடர்ந்தன. நடுச்சாமத்தில் நான் எட்டிப் பார்த்தபோது, பதினெட்டுப் பாகை என்று பச்சை எழுத்து மின்ன, கனடாவிலிருந்து கொணர்ந்த காலுறையும் கம்பளியும் அணிந்து, பிரபு ஏகாங்கியாக நித்திரை செய்துகொண்டிருந்தார்.

திருவிழா முடிந்து அவர் விமானமேறியதும் தங்கை யந்திரத்துக்குச் சீலை போர்த்தினாள். எலியும் புறாவும் உப்புக்காற்றும் புகாத ஒரே அறை அதுவாகையால், காணி உறுதிகளும் சாதகக் குறிப்புகளும் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளும் அங்கே குடியேறின. காகிதத்தைக் காக்கப் பிறந்த யந்திரம் ஓடாமலே தன் குலத்தொழிலைச் செய்தது. ஞாயிறுதோறும் ரொறன்ரோவிலிருந்து, “மிசினைப் போட்டுப் பாத்தனியோ?” என்று கேள்வி வரும், “ஓம் அண்ணை, நல்ல குளிர்” என்று பதில் போகும்.

மறு வருஷம் ஆனியில் யந்திரம் உறுமியது, குளிரவில்லை. “உப்புக்காத்துக் கொயிலைத் திண்டுபோட்டுது ஐயா, காஸ் முழுக்கப் போட்டுது” என்றான் தம்பி. பிரபு கலங்கவில்லை. புது யந்திரமும், கறன்ற் செலவை அடக்கக் கூரைமேல் சூரியத் தகடுகளும் போடுவதென்று தீர்மானித்தார். ஓடாவி ஏறிப் பார்த்து, பனஞ்சலாகை ஓட்டைத்தான் தாங்கும், தகட்டைத் தாங்குமென்று தான் உத்தரவாதம் தரமுடியாது என்றார்.

“அப்ப ஓட்டைக் கழட்டிப்போட்டுப் பிளாற் போடுவம்.”

கொங்கிறீற் பிளாற் பகலில் குடித்த வெயிலையெல்லாம் இரவில் அறைக்குள் இறக்கும் என்றும், அதற்கு ஒரு தொன் காணாது, இரண்டு தொன் வேண்டியிருக்கும் என்றும் தம்பி தயங்கித் தயங்கிச் சொல்ல, பெரியம்மா பாக்குரலோடு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். பிரபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியை எடுத்து, வகுக்கத் தொடங்கினார்.