உப்பளத்து மோரும் ஒரு துண்டு இஞ்சியும்

கேள்வி: மரக்காணம் உப்பளத்துக்குக் கொண்டுபோகும் மோரில் அம்மா இஞ்சி தட்டிப் போடுகிறார். இஞ்சியில் அப்படி என்ன சத்து?

பதில்: 100 கிராம் பச்சை இஞ்சியில் சுமார் 80 கலோரி, 415 மில்லிகிராம் பொட்டாசியம். ஆனால் 100 கிராமை யார் தின்பது? மோரில் விழுவது சுண்டுவிரல் நுனியளவு. அம்மியில் நசுங்கியதும் மூக்கைத் தொடுகிறதே ஒரு வாசம், தொண்டையைச் சுடுகிறதே ஒரு காரம், அங்கேதான் இஞ்சியின் பெருமை. அந்தக் காரத்தின் பெயர் ஜிஞ்சரால். குமட்டலை அடக்க உதவும். சுக்காகக் காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும், உறைப்பும் ஏறும்.

வரப்பில் உப்பு வாரும் உடம்பு வியர்வையில் உப்பையும் நீரையும் இழக்கிறது. அதை ஈடுகட்டுவது உப்புப் போட்ட மோர். இன்னொரு சொம்பு கேட்க வைப்பது இஞ்சி. அம்மாவின் கணக்கு சரி.

உப்பள முதலாளிகளே, பாத்தியோரம் கொஞ்சம் நிழலும் ஒரு பானை மோரும் வையுங்கள்.