செலரான் முதல் ஐ-நைன் வரை: நயினார்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நாகநாத சுவாமி கோயிலால் பெயர்பெற்ற நயினார்கோவில், ராமநாதபுரம் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று. பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த கையோடு இவ்வூர்ப் பெற்றோர் பரமக்குடிக்கு பஸ் ஏறிக் கடைக்காரரிடம் கேட்பது: "அண்ணே, கம்மி ரேட்டுல நல்ல லேப்டாப்பா காட்டுங்க." கம்மியும் நன்மையும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்குமா என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

2. திணைப் பாகுபாடு

லேப்டாப்பின் மூளையான இன்டெல் பிராசஸர்கள் இருதிணைப்படும். ஐ-ஃபைவ், ஐ-செவன், ஐ-நைன் உயர்திணை. செலரான், பென்டியம் அஃறிணை. ஐ-த்ரீ விரவுத்திணை: விற்கும்போது உயர்திணை, அதையே பழையதாகத் திருப்பிக் கொடுக்கப்போனால் அஃறிணை.

வேறுபாடு யாதோ எனின், கோர் (கணக்கிடும் அலகு), கேஷ் (உள் நினைவகம்), வாட் (மின்தேவை) என்க. லேப்டாப்பில் வரும் செலரான் என்4020-க்குக் கோர் 2, கேஷ் 4 எம்பி, மின்தேவை 6 வாட். மேஜைக் கணினிக்கான ஐ-நைன் 14900கே-க்குக் கோர் 24, கேஷ் 36 எம்பி, உச்ச வேகத்தில் 253 வாட். பின்னது குடிக்கும் கரண்டில் மூன்று சீலிங் ஃபேன் ஓடும். சித்திரை மாதத்தில் இரண்டில் எது வேண்டும் என நயினார்கோவிலாரிடம் கருத்துக்கணிப்பு நடத்தத் தேவை எழவில்லை.

3. பிறப்பியல்

உயர்ந்ததும் தாழ்ந்ததும் பல சமயம் ஒரே சிலிக்கான் தகட்டில் பிறந்த உடன்பிறப்புகள். சோதனையில் தேறாத கோரை அடைத்துவிட்டுக் கீழ்விலைப் பெயர் சூட்டுவர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் வத்தலைக் களத்திலேயே சிவப்பு வேறு, சோடை வேறு எனப் பொறுக்கி மூட்டை கட்டுவதை ஒக்கும் இது.

ஆயின் வத்தலில் இல்லாத ஒரு நுட்பம் இங்கு உண்டு. 2010-இல் இன்டெல், பென்டியம் ஜி6951-இன் கேஷில் ஒரு பகுதியைப் பூட்டி விற்றது. 50 டாலருக்குத் தனி அட்டை வாங்கினால் பூட்டு திறக்கும். நல்ல வத்தலைப் பூட்டி வைத்துச் சாவிக்குத் தனிக்காசு கேட்டால் கமிஷன் கடையில் என்ன நடக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

அஃறிணை உயர்திணையான வரலாறும் உண்டு. 1998-இல் வந்த செலரான் 300ஏ-வை அன்றைய கணினிப் பித்தர்கள் 450 மெகாஹெர்ட்ஸுக்கு முறுக்கி, அந்நாளில் உயர்திணையாய் விலையுயர்ந்திருந்த பென்டியம் டூ-வுக்கு ஈடாக ஓட்டினர்.

4. களஆய்வு

களம் ஒன்று: இ-சேவை மையம். வருமானச் சான்றுக்கு விண்ணப்பம். ஓடிபி வரவேண்டும். பெரியவர் பட்டன் போனைக் கையில் ஏந்தி வானம் பார்க்கிறார். "சர்வர் ஸ்லோவா இருக்குய்யா, செத்த உக்காருங்க" என்கிறார் ஆபரேட்டர். இந்நிலையில் செலரானுக்கும் ஐ-செவனுக்கும் யாதொரு வேறுபாடும் காணப்படவில்லை. இரண்டும் சும்மாவே இருந்தன.

களம் இரண்டு: ஃபிளக்ஸ் கடை. காதணி விழா பேனர், பத்தடி நீளம். நாற்பது சொந்தக்காரர்களின் பாஸ்போர்ட் படங்களும் ஃபோட்டோஷாப்பில் அடுக்கடுக்காக நிற்கின்றன. "தாய்மாமன் படத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க தம்பி" என்றதும் செலரானில் நீல வளையம் சுற்றத் தொடங்குகிறது. பெரியப்பா ஏற்கெனவே முகம் சுளிக்கிறார். ஐ-ஃபைவில் மாமன் உடனே பெருக்கிறார். ஆக, உயர்விலைப் பிராசஸர் உறவைக் காக்கும் என நிறுவப்படுகிறது.

5. முடிபு

பெயரை மட்டும் நம்பி வாங்கலாகாது. 2022-இன் ஐ-த்ரீ 12100, 2017-இன் ஐ-செவன் 7700-ஐ முந்தும். தலைமுறை எண்ணே சாதிப்பெயரினும் பெரிது. லேப்டாப்பில் செலரான், பென்டியம் பெயர்களை இன்டெல் 2023-இல் கைவிட்டு, வெறும் 'இன்டெல் பிராசஸர்' ஆக்கிவிட்டது. எனவே பெட்டியிலுள்ள முழு எண்ணையும் படியுங்கள். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உண்டா எனக் கேளுங்கள். படிப்புக்கும் சான்றிதழுக்கும் ஐ-த்ரீ போதும். ஃபிளக்ஸுக்கும் வீடியோவுக்கும் ஐ-ஃபைவ் வேண்டும். ஐ-நைன் வாங்கத் துடிப்பவர் முதலில் வீட்டு வயரிங்கைப் பார்த்துக்கொள்வது நலம்.