எசிலரசனுக்கு மாமன் சொன்ன புத்தி

ஏலேய் மருமவனே, இங்கன வந்து உக்காரு. திருவனந்தபுரத்து ஆபீசுல ஒம் பேரைக் கொலை பண்ணுதாவன்னு ஒங்கம்மைகிட்ட போன்ல அழுதியாமே? எழிலரசனைப் புனேக்கார மேனேஜரு 'எசிலரசன்'ங்காராம், இன்னொருத்தன் 'எஜில்'ங்கானாம். சரி, நீ ஒருக்கச் சொல்லு பாப்போம் ஒம் பேரை.

பாத்தியா? 'எளிலரசன்'. ஒனக்கே வரலியேடே! ஒங்கம்மையும் 'எளிலு'ங்கா, நானும் 'எளிலு'ங்கேன். 'வாளப்பளம்' தின்னு வளந்த நாக்கு வேற எப்பிடிப் பொரளும்? அந்த ஆபீசுல ஒம் பேரை ஒழுங்காச் சொல்லுதது மலையாளத்துப் பயலுவ மட்டுந்தான். ஒன் டெக்னோபார்க்கு இருக்கது கழக்கூட்டத்துல. தம்பானூர்ல நின்னு கேளு. பழவங்காடி, வழுதக்காடு, கழக்கூட்டம்னு கண்டக்டர் அடுக்குவாரு, ஒரு 'ழ' கீழ சிந்தாது.

அப்போ குத்தவாளி அந்தப் புனேக்கார மேனேஜரு. அவரு மேலயும் பாதிப் பழிதான். 'ழ'வுக்கு இசட்டும் எச்சும் போட்டு எழுதிக் குடுத்தது நாம. இசட்டைப் பாத்தா மனுசன் அப்பிடித்தான் வாசிப்பாரு. எழுத்தை மாத்திட்டா நாக்கு மாறிரும்னும் நினைக்காத. 2020-ல நம்ம சர்க்காரு 1018 ஊருக்கு இங்கிலீசு எழுத்தைத் திருத்தி ஆணை போட்டுது. வேலூருக்கு ரெண்டு 'ஈ', ரெண்டு 'ஓ'ன்னு நீட்டி வச்சாவ. ஜனம் சிரிச்ச சிரிப்புல கொஞ்ச நாள்லயே ஆணையைத் திரும்ப வாங்கிட்டாவ.

ஒங்கப்பன் கதை இன்னும் விசேசம். இனிஷியலை விரிச்சு எழுதுன்னு கம்பெனில கேட்டாவளாம், நீயும் சுடலைமுத்துன்னு எழுதிட்ட. இப்ப 'மிஸ்டர் சுடலை, அந்த ரிப்போர்ட் என்னாச்சு?'ங்கானாம். எட்டாங்கிளாசைத் தாண்டாத மனுசன், இன்னிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி மீட்டிங்ல உக்காந்திருக்கான். அவனுக்கு ஒரே பெருமை. அதை மட்டும் மாத்தச் சொல்லிராத.

நீ பொழைக்கப் போன ஊரையே எடுத்துக்க. வெள்ளைக்காரன் 'ட்ரிவாண்ட்ரம்'னான். 1991-லதான் இங்கிலீசுலயும் திருவனந்தபுரம்தான்னு சர்க்காரு முடிவு பண்ணுச்சு. இன்னும் பாதிப்பேரு பழைய பேரைத்தான் சொல்லுதான். பத்மநாபசாமி எந்திரிச்சு வந்து சண்டை போட்டாரா? படுத்தேதான் கெடக்காரு.

நான் அந்த ஊரு சாலைக் கம்போளத்துக்கு வாழைத்தாரு ஏத்திட்டுப் போன காலத்துல எம் பேரை ஒருத்தரும் கேக்கல. எல்லாருக்கும் நான் 'அண்ணாச்சி'. நானும் என்ன யோக்கியமா? ஷாஜியை 'சாசி'ன்னேன், ஹரியை 'அரி'ன்னேன். அவங்க கூப்பிட்டா திரும்பிப் பாத்தாவ. காசையும் எண்ணிக் குடுத்தாவ.

ஆனா ஒண்ணு. 'எடா பாண்டி'ன்னு எவனாவது எளக்காரமாக் கூப்பிட்டா, அதைச் சிரிச்சு மழுப்பாத. அது வாய் பெசகினதில்ல. கமலா ஹாரிஸைத் தெரியும்லா? அவுக தாத்தாவுக்கு மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். 2020 அக்டோபர்ல அமெரிக்காவுல, ஜார்ஜியா மாநிலத்துல ஒரு தேர்தல் கூட்டம். டேவிட் பெர்டியூன்னு ஒரு செனட்டரு, அதே செனட் சபையில மூணு வருசத்துக்கு மேல கமலாவோட சேந்து இருந்தவரு, மேடையில ஏறி 'கமாலாவா, கமலா-மலா-மலாவா, என்னமோ போங்க'ன்னு நையாண்டி பண்ணுனாரு. கூட்டமும் சிரிச்சுது. கேட்டா, தெரியாமத் தப்பாச் சொல்லிட்டாருன்னு அவரு ஆளுக சமாளிச்சாவ. மூணு எழுத்துப் பேருடே! 'ழ' கூடக் கெடையாது. 2021 ஜனவரி 5-ல நடந்த மறு ஓட்டுல அவரு ஜான் ஒசாஃப்கிட்ட தோத்தாரு. 20-ந் தேதி அந்த ஒசாஃபுக்குப் பதவிப் பிரமாணம் செஞ்சு வச்சது ஆருடே? அன்னிக்குத்தான் துணை ஜனாதிபதி ஆயிருந்த கமலாவேதான். பேரைக் கெடுத்தவனுக்குப் பதில் சொல்லணும்னா அப்பிடிச் சொல்லணும்.

புனேக்காரரு அந்த ரகம் இல்லியே. மீட்டிங்ல நாலு பேரு முன்னால திருத்தாத, மனுசன் கூசிப்போவாரு. சாயா குடிக்கப் போறப்போ ஒருக்கா நிறுத்திச் சொல்லிக்குடு. அதுக்கு முன்னால பக்கத்து சீட்டு மலையாளத்தானைக் கேட்டு நீ படிச்சுக்க, இல்லன்னா அவருக்கும் 'எளிலரசன்'தான் கெடைக்கும். பெறவும் வரலன்னா விட்டுரு. சம்பளச் சீட்டுலயும் பேங்குலயும் ஆதார்லயும் எழுத்து ஒண்ணுபோல இருக்கான்னு மட்டும் பாரு. அங்க பெசகினாத்தான் அழணும்.

அது கெடக்கட்டும், அந்த மேனேஜரு பேரை நீ சரியாச் சொல்லுதியா? ஒருநாளாவது கேட்டியா? திங்கக்கிழமை போனதும் மொதல்ல அதைக் கேளு. வரும்போது சாலைக் கம்போளத்துல அரைக்கிலோ ஏத்தங்கா சிப்ஸ் வாங்கிட்டு வா. 'வாளக்கா'ன்னு கேட்டுராத, கடைக்காரன் சிரிப்பான்.