மாடி போர்ஷன் ஹவுஸ் ஓனர்

மாணவர்களுக்கு மாடி போர்ஷன் விடும் ஹவுஸ் ஓனர் சென்னையில் கல்லூரி இருக்கும் பக்கமெல்லாம் காணப்படுகிறார். வேளச்சேரி, சைதாப்பேட்டை, குரோம்பேட்டையில் அடர்த்தி அதிகம். கீழே அவர், மேலே நான்கு பையன்கள். பேச்சிலர்களுக்கு வீடில்லை என்று தெருவே கைவிரிக்கும்போது அவர் மட்டும் இடம் கொடுப்பதில் கருணைக்கு வேலையில்லை. 15,000 தர ஒரு குடும்பம் யோசிக்கும் இடத்துக்குப் பையன்கள் தலைக்கு 5,000 எண்ணி வைப்பார்கள்.

சாதியை அவர் நேராகக் கேட்பதில்லை. "நான்-வெஜ் சமைப்பீங்களா தம்பி?" என்பதில் அதுவும் அடக்கம். கரண்டுக்கு சப்-மீட்டர். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது அவருக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம். மாடிக்கு முதல் யூனிட்டிலிருந்தே 10 ரூபாய்.

இதெல்லாம் சில்லறை. அவர் உயிர் இருப்பது தண்ணீர் மோட்டாரில். சுவிட்ச் அவருடைய ஹாலில் இருக்கும். சில வீடுகளில் பெட்டிக்குள், பூட்டோடு. காலையில் ஒரு தடவை போடுவார், மாலையில் மனம் வந்தால் போடுவார். போட்டுவிட்டு போர்டிகோ நாற்காலியில் சாய்ந்து, சுவரோரக் குழாயில் இறங்கும் சத்தத்தைக் கேட்பார். ஃப்ளஷ் எது, குளியல் எது, ஜீன்ஸ் அலசுவது எது என்று பிரித்துச் சொல்லும் அந்தக் காது, மார்கழி சபாக்களின் முன்வரிசையில் பலருக்கும் வாய்க்காதது. இரண்டாவது வாளி பாதி நிறைவதற்குள் மாடிப்படியில் குரல் ஏறும்: "யாருப்பா அது, குளிக்கிறியா, வீட்டையே கழுவுறியா?" பாத்ரூமில் ஷவர் உண்டு, வால்வை அவரே மூடி வைத்திருப்பார். ஊரிலிருந்து அம்மா வந்து இரண்டு நாள் தங்கினால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் ஏறும்.

ஆதாரம் கேட்டால் 2019-ஐ எடுப்பார். அந்தக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அவர் பேச்சில் அந்த ரயில் இன்னும் நின்றபாடில்லை. எதிரே ஈரத் தலையோடு நிற்கும் பையன் அப்போது ஆறாம் வகுப்பு. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அவர் வீட்டிலும் குழி இருக்கிறது, மேலே செருப்பு ஸ்டாண்டு நிற்கிறது.

தண்ணீர் இல்லை என்று அவர் சொல்லாத மாதம் ஒன்று உண்டு: 2015 டிசம்பர். வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்க, ஓனரும் ஓனரம்மாவும் மாடி போர்ஷனுக்கே ஏறிவந்து, பையன்கள் கிண்டிய உப்புமாவைக் குறை சொல்லாமல் சாப்பிட்ட வீடுகள் வேளச்சேரியில் உண்டு. ஆள் கெட்டவர் இல்லைதான். பரீட்சை சமயத்தில் மேலே ஒரு தூக்கு சாம்பார் போகும். பையனுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியில் ஆட்டோ பிடிப்பவரும் அவரே.

அட்வான்ஸ் விஷயத்தில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அந்த வேறு உடன்பாட்டை அவர் தயாராக டைப் அடித்து வைத்திருப்பார்: ஒப்பந்தம் 11 மாதம், அட்வான்ஸ் 10 மாதம். படிக்கிற பிள்ளைக்காக ஊரில் நகை அடகுக்குப் போவது இந்த வரியால்தான். காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகை பிடிக்கப்படும். பெயிண்ட் அடிக்கப்படுவதில்லை, தோனி படத்தைப் பிய்த்த தடம் மூன்று செட் பையன்களாக அதே சுவரில் இருக்கிறது. இது அநியாயம், வேறு சொல் இல்லை.

மீதிப் பணமும் கைக்கு உடனே வராது. அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் பழைய ஆளுக்குத் திரும்பும். எனவே கடைசி மாதத்தில் பையனே புரோக்கராகி, ஜூனியர்களைக் கூட்டிவந்து வீட்டைச் சுற்றிக் காட்டுகிறான். அவர்கள் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். ஓனர் பக்கத்தில் நிற்கிறார். "இருபத்துநாலு மணி நேரமும் வரும்டா" என்கிறான் பையன்.