கார்டு மட்டும் மாத்தினா போதும்

ஐடி கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் கழித்துவிடும் கம்ப்யூட்டர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவில் மறுபிறவி கிடைக்கிறது. தூசி தட்டி, கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, கடை வாசலில் அடுக்கிவிடுவார்கள். வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் டேலி போடவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் வாங்கிப் போய் நிம்மதியாக இருப்பார்கள். ஒருவர் மட்டும் பில் கைக்கு வருவதற்குள் கேட்பார்: "இதுல கிராபிக்ஸ் கார்டு போடலாமா?"

நம்மவர் அந்த ஒருவர்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் ஐஜிஐயும் வைஸ் சிட்டியும் ஆடி, "டைம் முடிஞ்சிருச்சு தம்பி" என்று எழுப்பிவிடப்பட்ட தலைமுறை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை. வீட்டில் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020. 2013-ல் வந்த மாடல், உள்ளே நான்கு கோர் ஐ5-4590. "பெட்டி ஸ்ட்ராங்கா இருக்கு. கார்டு மட்டும் மாத்தினா போதும், புது கம்ப்யூட்டர்தான்" என்பார். மனைவியிடம் சொல்லும்போது இதுவே "பையன் படிப்புக்கு" என்றாகிவிடும். பையன் எட்டாம் வகுப்பு. சமச்சீர் பாடத்தில் எந்த அத்தியாயத்துக்கு நாலு ஜிபி வீடியோ மெமரி தேவை என்று அந்த அம்மாள் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

மளிகைக் கணக்கு என்றால் முகம் சுளிக்கிறவர், வாட் கணக்கில் தணிக்கை அதிகாரி. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் முழுவதும் கூட்டல்தான். எஸ்எம்பிஎஸ் 290 வாட். ப்ராசஸருக்கு 84. மதர்போர்டின் ஸ்லாட் தன் பங்குக்கு ஒரு கார்டுக்குக் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தின்னும் கார்டென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக ஆறு பின் ஒயர் வரவேண்டும். ஆபீஸ் பெட்டிக்கு ஏது அந்த ஒயர்? எக்ஸெல் போடுவதற்குச் செய்த பெட்டி அது. ஆக, 75 வாட் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் கார்டாகப் பார்க்கவேண்டும். 2014-ல் வந்த 750 டிஐ, 60 வாட். 2016-ன் 1050 டிஐ, 75. 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ன் ஆறு ஜிபி மாடல், 70. பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கூட இத்தனை பொருத்தம் பார்க்கமாட்டார்: நீளம் ஹார்ட் டிஸ்க் கூட்டில் இடிக்குமா, தடிமன் பக்கத்து ஸ்லாட்டை மறைக்குமா, பழைய பயாஸ் ஏற்றுக்கொள்ளுமா. (ஒல்லிப் பெட்டி வாங்கினவர்களுக்கு உயரப் பொருத்தமும் சேர்ந்துகொள்ளும். அரை உயரக் கார்டு தேடி அலைகிற அவர்கள் தனி ஜாதி, தனிக் கட்டுரை.)

கடைசியில் 1050 டிஐ, அதுவும் செகண்ட் ஹேண்ட் என்று முடிவாயிற்று. பர்ஸ் எடுத்த முடிவு.

சனிக்கிழமை ரிச்சி தெருவை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பியதுமே, "சார், சிசிடிவியா? லேப்டாப்பா? உள்ள வாங்க சார்" என்று நாலு பேர் மறிப்பார்கள். இவர் நின்று பேசமாட்டார். மாடிக்கடைக்காரர் துணி சுற்றிய கார்டை எடுத்து வைப்பார்.

"இது மைனிங்ல ஓடினதா அண்ணே?"

"சேச்சே. ஒரு டிசைனர் வீட்ல இருந்தது சார். பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டாரு."

2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முடிவுக்கு வந்தபின் சந்தைக்கு வந்த கார்டுகள் ஒன்றுகூட மைனிங்கில் ஓடியதில்லை என்பது இந்தத் தெருவின் வரலாற்றுக் கொள்கை. எல்லாமே டிசைனர் வீட்டுப் பிள்ளைகள். நம்மவரும் லேசுப்பட்டவர் அல்ல. பென் டிரைவில் ஜிபியு-இசட் கொண்டுவந்திருக்கிறார். 2010-ன் பழைய ஜிடிஎஸ் 450-க்கு பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று தலையில் கட்டுகிற வித்தை உண்டு; இந்த மென்பொருள் அந்த வேஷத்தைக் கலைத்துவிடும். கடை கம்ப்யூட்டரில் சோதித்து, அசல்தான் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த பெருமிதம், பையன் கணக்கில் சதம் வாங்கினபோதுகூட வரவில்லை.

ஞாயிறன்று மாட்டவேண்டும். நாலரை முதல் ஆறு ராகுகாலம் என்பதால் மூன்றரைக்கே உட்கார்ந்துவிட்டார். உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் போகப் பெட்டியின் இரும்பைத் தொட்டார். தொட்ட விரலைக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பையனின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, கார்டின் தங்கநிறப் பல்வரிசையைத் தேய்த்தார். எது ஓடாவிட்டாலும் ரப்பரால் தேய்ப்பது நம் நாட்டு ஹார்டுவேர் வைத்தியத்தின் முதல் மருந்து. இவர் வருமுன் காப்போன். ஸ்லாட்டில் 'டக்' என்று உட்கார்ந்தது. ஸ்குரூவும் போட்டாயிற்று.

அப்போதுதான் மானிட்டர் ஒயர் கையில் வந்தது. நீல நிற விஜிஏ. கார்டின் பின்பக்கம் இருப்பதோ எச்டிஎம்ஐ, டிவிஐ, டிஸ்ப்ளே போர்ட். வாட்டையும் நீளத்தையும் பயாஸையும் பார்த்தவர், ஒயரின் வாயைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை. தெருவில் பாதிக் கடை பூட்டியிருக்கும். திங்களன்று ஆபீஸுக்கு அரைநாள் லீவு. காரணம், 'குடும்ப அவசரம்'.

"கன்வெர்ட்டர் இருக்கு சார்" என்றார் மாடிக்கடைக்காரர். இந்தத் தெருவில் கன்வெர்ட்டர் இல்லாத கஷ்டமே கிடையாது. பெரிய கார்டு போடணுமா? ஹார்ட் டிஸ்க் ஒயரை ஆறு பின்னாக மாற்றக் கன்வெர்ட்டர். (அது கருகிய வாசனையை முகர்ந்தவர்கள் மறுமுறை வாங்குவதில்லை.) எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றணுமா? டெல்காரன் இந்த மாடலில் எல்லோரையும்போல 24 பின் வைக்காமல் 8 பின் வைத்திருக்கிறான், அதற்கும் கன்வெர்ட்டர். எதற்கும் இருக்கட்டும் என்று நம்மவர் அதையும் சேர்த்தே வாங்கிவந்தார்.

அன்று இரவு படம் வந்தது. நூறு ஜிபியைத் தொடும் ஜிடிஏ 5-ஐ இறக்கி முடிப்பதற்குள் மாதத்து டேட்டா வற்றி, மனைவியின் சீரியல் பாதியில் சுழன்று நின்றதைப் பற்றி இங்கே விரிக்க வேண்டாம். விளையாட்டு ஓடியது. திரை மூலையில் பச்சை எண் ஓடியது.

"அம்மா! அறுபது ஃப்ரேம் வருதும்மா!"

கூடத்திலிருந்து நம்மவரின் அம்மா பதில் சொன்னார்: "அறுபதா? எங்கடா மாட்டுவ? சுவத்துல எடம் ஏது?"

மூலையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டு ஓட்டியதால், அவர் வண்டி கடலில் இறங்கியது. மீண்டும் எடுத்தார். எண் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. நிழலைக் குறைத்தார், புல்லைக் குறைத்தார், அறுபது. விளையாடியதைவிட செட்டிங்ஸில் இருந்த நேரம் அதிகம், அதில்தான் அவருக்கு ருசியும். பெட்டியின் பக்கத் தகடு திரும்ப மூடப்படவில்லை. "காத்தோட்டம்" என்றார். டேபிள் ஃபேன் பெட்டிக்குப் போய்விட்டதால் அம்மா விசிறியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை பையன் வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அவன் ஆடுவதெல்லாம் போனில்தான். யூடியூபைத் திறந்து, யாரோ ஒருவர் ஜிடிஏ ஆடும் வீடியோவைப் போட்டான். அதைக் காட்ட முன்பிருந்த இன்டெல் கிராபிக்ஸே தாராளம். நம்மவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வீடியோவின் மூலையைக் கவனித்தார்.

"இவனுக்கு நூத்தி இருபது வருதேடா. கீழ டிஸ்கிரிப்ஷன்ல பாரு, என்ன கார்டு போட்டிருக்கான்னு."