உடுவியல்: வகுப்பறை ஊக்கக்குறிகளின் வகைதொகை

மாணாக்க, கேள். படிப்பில் உள்ளம் ஒட்டாத சிறாரை, ஆட்டத்தின் உறுப்புகளைக் காட்டிப் படிப்புக்குள் இழுக்கும் தொழிலுக்கு ஆட்டூக்கம் என்று பெயர். இதனை ஆடு + ஊக்கம் எனப் பிரித்து, வெள்ளாட்டுக்குத் தழை காட்டுதல் என்று பொருள் உரைப்பார் உளர். அவர் கூற்றைத் தழுவிலோம். ஆயினும் முற்றும் தள்ளவும் இல்லை.

ஆட்டூக்கம் நால்வகைப்படும்: உடு, இடம், பெயர், பொறி.

முதலாவது உடு. ஐந்து முனை உடையதாய், தூவலை ஏட்டிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் வரையப்படுவதாய், ஆசிரியரால் தரப்படுவதாய் உள்ள விண்மீன் வடிவே உடு என்க. நான்கு முனையோடு நின்றது உடு அன்று. வரையும்போது தலைமையாசிரியர் அழைத்துவிட்டார் என்று கொள்க.

இது மூன்றாய் விரியும். ஏட்டில் அமைவது ஏட்டுடு. கடையில் தாளாக வாங்கி ஒட்டுவது ஒட்டுடு. இது மறுநாள் காலை வேறொருவன் ஏட்டுக்குக் குடிபெயரும் இயல்பினது, ஆகலின் மதிப்புக் குறைந்தது. மூன்றாவது கையுடு. இந்நூல் எழுதப் புகுந்ததே இதன்பொருட்டாம், ஊன்றிக் கேள்.

கையுடு புறங்கையுடு, உள்ளங்கையுடு, மணிக்கட்டுடு என முத்திறம். உள்ளங்கையுடு வியர்வையால் நண்பகலுக்கு முன்பே கரையும். மணிக்கட்டுடு கைக்கடிகை அணிந்தாற்போன்ற தோற்றம் தருவதால் சிறுவரால் பெரிதும் விரும்பப்படும். புறங்கையுடு இடக்கையிலேயே பெறப்படும். என்னை? வலக்கை நண்பகலில் சோற்றில் புகும், புகுந்தது கழுவப்படும், கழுவப்பட்டது அழியும். உடுப்பெற்ற சிறான் அன்று மாலை ஒரு கையை மேலே தூக்கியபடியே குளிப்பான். இந்நிலைக்குக் கொடிமரக் குளியல் என்று பெயரிட்டோம். தாய்மார் இதனை எதிர்ப்பர்.

இனிப் போலியுடு. தன் கையில் தானே வரைந்துகொள்வது அது. மெய்யுடுவினின்று அதனைப் பிரித்தறிவது எங்ஙனம் எனின், முனையை நோக்குக. சிறான் கையை ஆசிரியரை நோக்கி நீட்டுவான். அவர் தமக்கு நேராக வரைவார். ஆகவே மெய்யுடுவின் தலைமுனை சிறானின் முழங்கையை நோக்கும். தானே வரைந்ததன் தலைமுனை விரல்களை நோக்கும். இவ்வொரு நுட்பத்தால் பல வழக்குகள் தீர்க்கப்பட்டுள்ளன.

கையில் குறியிடும் வழக்கம் புதிதன்று. 1823-இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியராய் இருந்த கேம்பெல், அப்பகுதித் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் இதனைக் குறித்துள்ளார். காலையில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் சுழி. அவன் புகழுக்கும் உரியனல்லன், இகழுக்கும் உரியனல்லன். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்வருவார்க்கு ஒவ்வொன்று கூடும். முப்பதின்மர் கொண்ட பள்ளியில் கடைசியில் வந்தவன் 28 அடி பெறுவான். நாளொன்றுக்கு ஆசிரியர் தரவேண்டியவை 406. இக்கணக்கு எம்முடையது. சுழியனே இங்கு நல்வாழ்வினன் என்பது எம் கருத்து.

இரண்டாவது இடவூக்கம். அஃதாவது விடை சொன்னவன் மேலிருக்கைக்கு ஏறுதலும், சொல்லாதவன் கீழிறங்குதலும். ஆண்டுரூ பெல் என்பார் 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பித்து, திறத்துக்கேற்ப இடம் மாற்றி, அதனை 1797-இல் இலண்டனில் நூலாக்கினார். பின்னர் அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. இவ்வூக்கம் கடைப்பலகையார்மேல் செல்லாது. அங்கே பலகணி உண்டு, காற்று உண்டு, சுவரிற் சாயலாம். ஏறச் சொன்னாலும் ஏறார்.

மூன்றாவது பெயரூக்கம். ஆசிரியர் இல்லாத பொழுதில் வகுப்புத் தலைவன் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு எழுதும் பட்டியல். இது கழித்தற்புள்ளி முறை. வெறும்பெயர், பெருக்கற்குறிப் பெயர், 'அடங்கவில்லை' பெற்ற பெயர், 'மி.அடங்கவில்லை', 'மி.மி.மி.அடங்கவில்லை' எனப் படிகள் உள. மூன்று 'மி'க்கு மேல் எமக்குச் சான்று கிடைக்கவில்லை. பலகையில் இடம் போதாமை கரணியமாகலாம். இப்பட்டியலில் தலைவன் பெயர் ஒருபோதும் வாராது. சுண்ணக்கோல் கைமாறிய மறுநாள் அவன் பெயரே முதலில் நிற்கும்.

நான்காவது பொறியூக்கம். 2013-இல் நார்வேயிலிருந்து வெளிவந்த ககூட் என்னும் திரைவினா ஆட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. வினா திரையில் தோன்றும். விடைகள் நான்கும் நான்கு நிறங்களில், நான்கு வடிவங்களில் நிற்கும். சரியான விடையை உடனே தொட்டவனுக்கு ஏறத்தாழ 1000 புள்ளி. பொறுத்துக் கடைசி நொடியில் தொட்டவனுக்கு அதிற் பாதி. ஆகவே வினாவைப் படிப்பது இழப்பு என்று சிறார் விரைவில் கண்டுகொள்வர். பின்வரிசையிலிருந்து "சிவப்பு! சிவப்பு!" என்று எழும் ஒலி பாட்டன்று, கல்வி நிகழ்கிறது.

இனி உடுவால் வரும் நோய் ஒன்று. இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் இலெப்பர், கிரீன், நிசுபெத்து என்னும் மூவர் செய்த ஆய்வு 1973-இல் வெளிவந்தது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பொன்னுடு பதித்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லித் தந்தனர். சிலருக்குச் சொல்லாமல் தந்தனர். சிலருக்கு ஒன்றும் இல்லை. பின்னர் வகுப்பில் நிறக்கோல்களைப் பரப்பி வைத்தபோது, சொல்லிப் பெற்றவர் ஏனையோர் வரைந்த பொழுதில் பாதியளவே வரைந்தனர். இந்நோய்க்கு உடுவேட்கை என்று பெயர் தந்தோம். சொல்லாமல் பெற்றவரை அது தீண்டவில்லை என்பதை உளங்கொள்க. மருந்து வேண்டுவோர், உடுத் தரும் செய்தி பற்றி இறுதிவரை வாய் திறவாதிருக்க.

மாணாக்க, இவ்வளவு நேரம் அசையாது கேட்டாய். கையை நீட்டு. அதுவன்று, இடக்கை.