சூதாட்ட விடுதியில் அட்டைப் பிணை: தேசவழமை வழி ஓர் ஆய்வு

திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். 94ஆவது. பத்துக் குறளையும் குடைந்து பார்த்தாயிற்று; சூதாடப் போகிறவன் இரவில் எங்கே படுப்பான், சாவியைக் கொடுக்குமுன் அவனிடம் எதை வாங்கி வைப்பார்கள் என்பது பற்றி ஒரு சீர்கூட இல்லை. வில்லிபுத்தூரார் சூதுபோர்ச் சருக்கம் என்று தனியாகப் பாடியும் இந்த விடயத்தைத் தொடவில்லை. தருமன் நாட்டை வைத்தான், தம்பிமாரை வைத்தான், தன்னை வைத்தான், பாஞ்சாலியையும் வைத்தான். அத்தினாபுரத்தில் தங்கிய இடத்துக்கு என்ன வைத்தான்? உரைகாரர்களும் வாய் திறக்கவில்லை.

இந்தக் குறையைப் போக்கும் பொறுப்பு இப்போது தெல்லிப்பழையின் தலையில் விழுந்திருக்கிறது. இவ்வூருக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து கல்விப்பணி தொடங்கிய இடம் இது. அதைவிட, ஆவணி பிறந்தால் துர்க்கை அம்மன் திருவிழாவுக்குக் கனடாவும் லண்டனும் சுவிசும் இங்கேதான் வந்து இறங்கும். கடனட்டையை ஆராய விரும்புகிறவன் ரொறன்ரோவுக்குப் பறக்க வேண்டியதில்லை. காங்கேசன்துறை வீதி ஓரமாக ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தால், சான்றுகள் தாமாக வானில் வந்து இறங்கி, "என்ன தம்பி, இளைச்சுப் போனாய்?" என்று கேட்கும்.

எமது முதன்மைச் சான்று என் மாமி. மகனைப் பார்க்கக் கனடா போனவருக்கு, நயாகராவில் பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சூதாட்ட விடுதியில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. மகன் அங்கே அடிக்கடி போய்த் தோற்றுக்கொண்டிருந்த நல்ல வாடிக்கையாளன் என்பதால் அறை இலவசம். வரவேற்பு மேசையில் நடந்ததை மாமியே சொன்னார்; ஒரு சொல்லும் கூட்டாமல் பதிகிறேன்.

"அறை சும்மா எண்டுதானேடா கூட்டிக்கொண்டு வந்தனி?"

"சும்மாதான் அம்மா. காட்டிலை முந்நூறு டொலர் பிடிச்சு வைக்கிறாங்கள். பேந்து விட்டிடுவாங்கள்."

"என்னத்துக்கு?"

"ஏதும் உடைச்சா, எடுத்தா..."

"ஆரடா எடுக்கிறது?"

அன்றிரவு மாமி விடுதித் துவாயைத் தொடவில்லை. தன் சேலைத் தலைப்பால் முகம் துடைத்தார். குளிர்பெட்டியையும் திறக்கவில்லை, லாஸ் வேகாஸ் விடுதிகள் சிலவற்றில் அதற்குள் உணரி பூட்டியிருப்பார்கள், போத்தலைத் தூக்கிச் சற்றுநேரம் வைத்திருந்தாலே கணக்கில் ஏறிவிடும் என்று மகன் வாய்தவறிச் சொல்லியிருந்தான். அவித்துக் கட்டிக்கொண்டு போன இடியப்பம் யன்னலோரத்தில் இருந்தது. விடியப்புறம் எழும்பித் துவாய்களை எண்ணி, பெரிது நான்கு, சிறிது நான்கு, கால்துடைப்பு ஒன்று என்று கீழே போய் ஒப்புவித்தார். வரவேற்பில் நின்ற பிள்ளை சிரித்துக்கொண்டு, வெளியேறுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றதாம்.

இனி விடயத்தின் இயக்கம். இதில் இரண்டு வகை உண்டு, ஒன்றை மற்றதென்று மயங்கலாகாது. முதலாவது முற்பணம்: லாஸ் வேகாஸ் விடுதிகள் பல, பதிவு செய்யும்போதே முதல் இரவின் வாடகையையும் வரியையும் அட்டையிலிருந்து எடுத்துவிடும். குறித்த கெடுவுக்கு முன் ரத்துச் செய்தால் திருப்பித் தரும், தவறினால் இல்லை. இரண்டாவது அட்டைப் பிணை; அதுதான் மாமியின் நித்திரையைக் கெடுத்தது. அதில் காசு எங்கும் போகாது. விடுதி ஒரு தொகையைச் சொல்ல, அட்டை கொடுத்த வங்கி அதைக் கடன் எல்லைக்குள் ஒதுக்கி வைத்து, "இதைத் தொடாதே" என்று இருந்துவிடும். வெளியேறும்போது உண்மையான செலவு மட்டும் எடுபடும். மிச்சம் விடுபடச் சில நாள் ஆகலாம், வங்கியைப் பொறுத்து இன்னும் கூடலாம். கடனட்டைக்குப் பதில் பற்று அட்டையை நீட்டினால் முடங்குவது கடன் எல்லையல்ல, உங்கள் கைக்காசு. பணத்தோடு போயும் தேத்தண்ணி குடிக்கக் காசில்லாமல் நிற்பவர்கள் இந்த இனத்தவர்.

இங்கேதான் எமது ஆய்வின் முக்கிய கண்டுபிடிப்பு வருகிறது. 1706இல் ஒல்லாந்த ஆளுநர் சீமோன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த கிளாஸ் ஈசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து மறுவருடம் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்துச் சரியென்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலுக் கொடுத்தார்கள். அந்தத் தேசவழமையில் ஒற்றி பற்றிய பகுதியைப் பார்க்க வேண்டும். காசு கொடுத்தவன் காணியைக் கையேற்பான். வட்டிக்குப் பதிலாக விளைச்சலை எடுப்பான். பனங்காய் விழுந்தால் ஒற்றிக்காரன் பொறுக்குவான். காணிக்காரன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெருமூச்சு விடுவான். ஆனால் பனங்காய் ஒருவன் வாய்க்குப் போகிறது, பாருங்கள். எந்த வகைக் காணியை எந்தக் காலத்தில் மீட்கலாம் என்பதுகூட அறுவடையை வைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

அட்டைப் பிணையில் அந்த முந்நூறு டொலரை மாமி செலவழிக்க முடியாது. விடுதியும் எடுக்க முடியாது. வங்கியும் "எங்களுடையது" என்று சொல்லாது. மூன்று பேர் சுற்றி நிற்க, நடுவில் ஒரு பனை. பழம் விழுந்து அழுகிக்கொண்டிருக்கிறது. ஒருவருமே அனுபவிக்காத ஈடு ஒன்றை ஈசாக்ஸ் கேள்விப்பட்டிருந்தால் அதற்கென்று தனிப் பிரிவு எழுதியிருப்பார். முதலிமார் பன்னிரண்டு பேரும் அதை வெட்டியிருப்பார்கள்.

எமது ஊரில் முற்பணமே இல்லை என்று புலம்பெயர்ந்தோரில் ஒரு சாரார் வாதிடுவர். அது பிழை. அந்தியேட்டிக்கு வாடகைக்குக் கிடாரம் எடுத்தவர்களுக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் அதைக் கவிழ்த்து, கரிபிடித்த அடியை விரல்மொழியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பிறகு விளிம்பைச் சுற்றிப் பெருவிரலை ஓட்டுவார். நெளிவு இருந்தால் கொப்பியில் ஒரு கோடு. கரண்டிகளை இரண்டு தரம் எண்ணி, "ஒண்டு குறையுது அண்ணை, பரவாயில்லை" என்பார். அந்தப் பரவாயில்லைக்குரிய காசு முற்பணத்திலிருந்து கழிந்திருக்கும். ஆனால் கணக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. மிச்சம் கையில் வந்தது. வங்கியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எந்தக் கிடாரக் கடைக்காரரும் சொல்லக் கேட்டதில்லை.

மறுப்புரை ஒன்றையும் கருத்தில் கொள்வோம். சூதாடுகிறவன் நம்பத் தகாதவன், ஆகவே பிணை வேண்டும் என்பர். அப்படியானால் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடப்பதை எப்படி விளக்குவது? வேகாஸில் தெரிந்த ஆட்டக்காரனுக்கு மார்க்கர் என்று ஒரு கடன்சீட்டு உண்டு. கையெழுத்துப் போட்டால் ஆயிரக்கணக்கான டொலருக்கு வில்லைகள் கொடுப்பார்கள். திருப்பிக் கட்டாவிட்டால் நெவாடாச் சட்டம் அதைப் பணமில்லாத காசோலை கொடுத்த குற்றமாகவே பார்க்கும் என்பது வேறு. கீழே ஆயிரங்களை நம்பிக் கொடுக்கும் நிறுவனம், மேலே ஒரு துவாயை நம்பிக் கொடுக்க மறுக்கிறது. தோற்கப்போகும் காசில் அதற்கு ஐயமில்லை, துவாயில்தான் ஐயம். இதற்குமேல் விளக்கம் எமக்கு எட்டவில்லை.

உள்ளூர் அட்டையோடு போகிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் நின்றது. மே மாதம் 360ஐத் தொட்டது. ஒரு இலட்சம் எல்லையுள்ள அட்டையில் முந்நூறு அமெரிக்க டொலர் பிடித்தால் மார்ச்சில் 60,000 முடங்கும், மிச்சத்தில் சாப்பிடலாம். மேயில் 1,08,000, அட்டையே போதாது. ஒரே அறை, ஒரே துவாய்.

ஆய்வின் அடுத்த கட்டம் கொழும்பில். 2025 ஓகஸ்டில் அங்கே பெரிய சூதாட்ட விடுதி வளாகம் திறந்தாயிற்று. உள்நாட்டவர் சூதாட்டக் கூடத்துக்குள் காலை வைப்பதற்கான வரி அந்த ஆண்டே 50 டொலரிலிருந்து 100 டொலருக்கு ஏறியது. நுழைவு வரி, அறை வாடகை, அட்டைப் பிணை, தெல்லிப்பழையிலிருந்து இரவுப் பஸ் ஆகியவற்றுக்கான மதிப்பீட்டை வீட்டில் சமர்ப்பித்தேன். மனைவி அதைக் கவனமாக வாசித்து, என் வங்கி அட்டையை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்திருக்கிறார். விடுவிக்கும் திகதி அறிவிக்கப்படவில்லை.